மருந்தைத் தனியாகக் கொடுங்கள்

விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், மேக், லினக்ஸ் என்று ஏதாவது ஒன்றில் அப்டேட் வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கும், அவர்களுக்கு வேலை சொல்லும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

மன்னார்குடியில் கம்ப்யூட்டர், போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷம் ஆகிறது. உங்கள் அலுவலகங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அவர்கள் படித்துச் சொல்லட்டும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு பத்திர எழுத்தர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முகூர்த்த நாள். காலை பத்தரை மணிக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன். வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் இரண்டு பேர், எல்லாரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்திர வரைவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கீழே "27 சதவீதம் முடிந்தது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்". அரை மணி நேரத்தில் அந்த 27, 30 ஆனது. பத்தேகாலுக்கு அண்ணன் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. டோக்கன் போச்சு. விற்க வந்தவர் "சகுனமே சரியில்லை" என்று வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மத்தியானம் சிபியூவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சரிசெய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது, "தம்பி, இனிமே இந்தச் சனியன் என் மெஷின்ல வரவே கூடாது" என்றார். நானும் உள்ளே போய் அப்டேட் சர்வீஸை மொத்தமாக முடக்கிக் கொடுத்தேன். அதற்கு நூறு ரூபாய் வாங்கினேன். அடுத்த வாரம் ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். அதற்கடுத்து ஒரு டியூஷன் சென்டர். இப்படி என் கையால் முடக்கியவை முப்பது நாற்பது தேறும்.

அண்ணனின் மெஷினுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? சுற்றியிருக்கும் கிராமங்களில் நிலம் வாங்கி விற்றவர்கள் பாதிப் பேருடைய ஆதார் நகல், பான் கார்டு, போட்டோ, கையெழுத்து. அந்தக் கதவைத் திறந்து வைத்தது நான். அது எந்த நிறுவனத்தின் அப்டேட் என்று சொல்லப்போவதில்லை. உங்களில் இதைச் செய்யாதவர் யாரும் இல்லை.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மென்பொருளில் திருடன் நுழையக்கூடிய ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஒன்று வெளியான அன்றே, அந்த ஓட்டையின் முகவரியும் வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சுவரில் புதிதாகப் பூசிய இடம் ஈரமாக, வேறு நிறத்தில் தெரிகிற மாதிரி. திருடன் அந்த வீட்டை விட்டுவிடுவான். அதே மேஸ்திரி கட்டி, இன்னும் பூசாமல் கிடக்கும் மற்ற வீடுகளைத் தேடிப் போவான். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு இரவு பத்தரை, அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அதற்கு அடுத்த நாளுக்குத் துறைக்காரர்கள் வேடிக்கையாகத் "தாக்குதல் புதன்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். குரோம் பிரவுசருக்கு 2023 ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் பாதுகாப்புத் திருத்தம் வருவதும் இந்தப் பயத்தால்தான். அதன் நிரல் திறந்த மூலம். திருத்தம் எழுதிய நிமிஷத்திலிருந்து ஊரே அதைப் பார்க்கலாம். அது நம் கைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாளும் ஆபத்து.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கும். 2017 மே 12. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. 59 நாள் அது அலமாரியில் இருந்தது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்எச்எஸ்ஸில் 236 நிர்வாகங்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகூடத் தள்ளிப்போனது. எல்லாம் அரதப்பழசான எக்ஸ்பி மெஷின்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். மாட்டியதில் பெரும்பாலானவை அன்றைக்கும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. மருந்து தயாராக இருந்தது, சாப்பிட ஆள் இல்லை.

ஏன் சாப்பிடவில்லை? "பயனர்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று உங்கள் கூட்டங்களில் ஒரு ஸ்லைடு இருக்கும். எனக்குத் தெரிந்து விழிப்புணர்வுக்குப் பஞ்சமில்லை. மக்கள் சூடு கண்ட பூனைகள், அவ்வளவுதான். வான்னாக்ரைக்கு ஒரு வருஷம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு மாறும் அப்கிரேடை, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அதே வாய்க்காலில் "பரிந்துரைக்கப்பட்ட" அப்டேட்டாக விட்டார்கள். மே மாதம் அந்த அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. பெருக்கல் குறி என்றால் வேண்டாம் என்றுதான் இருபது வருஷமாக எல்லாருக்கும் பழக்கியிருந்தீர்கள். கலிஃபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், கேட்காமல் வந்த அந்த அப்கிரேடால் தன் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். ஊசி போட வருகிறேன் என்று வந்தவர் வீட்டுச் சாமானை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனால், அடுத்த தடவை கதவை யார் திறப்பார்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மருந்தைத் தனியாகக் கொடுங்கள், விருந்தைத் தனியாகப் பரிமாறுங்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் தனி. புது ஐகான், புது மெனு, எங்கே பார்த்தாலும் எட்டிப்பார்க்கும் ஏஐ பொத்தான், யாரும் கேட்காத செய்திப் பலகை, எல்லாம் தனி. பின்னது வேண்டுமா வேண்டாமா என்பதை நாங்கள் நிதானமாக யோசித்துச் சொல்கிறோம். முன்னதை யோசிக்கவே விடாதீர்கள், வந்ததே தெரியாமல் வந்து போகட்டும்.

இது முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ஆப்பிள் செய்து காட்டியது. பாதி வழியில் சறுக்கியும் காட்டியது. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஐஓஎஸ், மேக் சிஸ்டம் முழுவதும் முத்திரை வைத்துப் பூட்டிய ஒரு பெரிய பெட்டகம் மாதிரி. உள்ளே ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் முழு முத்திரையையும் மறுபடி வைக்க வேண்டும். அதனால்தான் சின்னத் திருத்தத்துக்குக்கூடப் பெரிய டவுன்லோடு, நீண்ட ரீஸ்டார்ட். 2022-இல் ஐஓஎஸ் 16, மேக் வென்சுரா வந்தபோது, சஃபாரி, அதன் இன்ஜினான வெப்கிட் மாதிரி அடிக்கடி அடிபடும் பாகங்களை எடுத்துப் பக்கத்தில் தனிச் சின்னப் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்குத் தனி முத்திரை. கிரிப்டெக்ஸ் என்று பெயர். ஓட்டை விழுந்தால் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், பெட்டகத்தைத் தொட வேண்டாம். இதை நம்பித்தான் துரிதப் பாதுகாப்புத் திருத்தம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் தடவை பொதுமக்களுக்கு வந்தது 2023 மே 1, ஐஓஎஸ் 16.4.1 (ஏ). ஐபோனில் நூறு எம்பிக்குள் முடிந்தது. முழு அப்டேட் என்றால் ஜிபி கணக்கில் போகும். பிடிக்கவில்லையா, செட்டிங்ஸில் போய் அதை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். அடடா, இதைத்தானே கேட்டோம் என்று இருந்தது எனக்கு.

ஜூலை 10-ஆம் தேதி வெப்கிட்டில் ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்த ஒரு ஓட்டைக்கு 16.5.1 (ஏ) வந்தது. சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என்ன ஆச்சு? பிரவுசர் ஒவ்வொரு வலைத்தளத்துக்குள் நுழையும்போதும் "நான் இன்னார், என் வெர்ஷன் இது" என்று ஒரு வரி சொல்லும். அந்த வரியில் வெர்ஷன் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு "ஏ" சேர்ந்துகொண்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஜூம் மாதிரியான தளங்கள் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை. உன் பிரவுசர் எங்களுக்கு ஒத்துவராது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டன. ஓட்டையை அடைத்த வேலையில் குறையே இல்லை. பெயர்ப்பலகையில் ஒட்டிய ஒரு எழுத்துதான் வம்பு. இரண்டு நாளில் 16.5.1 (சி) வந்து சரியானது. ஆனால் அதன் பிறகு அந்த வேகத் திருத்தம் கிட்டத்தட்டப் பேச்சுமூச்சில்லாமல் போனது. 2025 நவம்பரில் ஐஓஎஸ் 26.1-இல்தான் "பின்னணிப் பாதுகாப்பு மேம்பாடு" என்று வேறு பெயரில் அந்த ஏற்பாடு திரும்பி வந்தது.

ஆப்பிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஜூலை நாளுக்காக வெட்கப்பட்டு ஏன் இரண்டு வருஷம் ஒதுங்கியிருந்தீர்கள்? தப்பு நடந்தது, சில மணி நேரத்தில் பின்வாங்கினீர்கள், போட்டவர்கள் கையாலேயே நீக்க முடிந்தது. அதனால் போன் எழுந்திருக்காமல் போனதாக நான் கேள்விப்படவில்லை. தப்பு நடந்தாலும் தாங்குகிற மாதிரி முதலிலேயே கட்டியிருந்தீர்கள். எங்கள் அண்ணன் பிளக்கைப் பிடுங்கியபோது அவர் மெஷினுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லையே.

ரீஸ்டார்ட் விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். லினக்ஸ் நிறுவனங்களான ரெட் ஹாட் ஒரு பக்கம், சூசே ஒரு பக்கம் என்று 2014-இல் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து 2015-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 4.0-க்குள்ளேயே லைவ்பேட்ச் வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஓட்டை உள்ள ஃபங்ஷனின், அதாவது நிரலின் ஒரு சின்னத் துண்டின், வாசலில் "பாதை மூடப்பட்டுள்ளது, மாற்றுப்பாதையில் செல்லவும்" என்று ஒரு பலகை வைப்பதுதான் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் திருத்தி எழுதிய புது ஃபங்ஷனுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். பழையது அங்கேயே கிடக்கும், யாரும் போக மாட்டார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இது இலவசம்.

மைக்ரோசாஃப்டும் ஹாட்பேட்ச் என்று இதைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிலிருந்து விண்டோஸ் 11-இல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட், மற்ற எட்டு மாதமும் ஓடுகிற மெஷினிலேயே திருத்தம். வருஷத்துக்குப் பன்னிரண்டு ரீஸ்டார்ட் நாலாகக் குறைகிறது. படித்ததும் துள்ளினேன். அப்புறம் அடுத்த வரி: என்டர்பிரைஸ் மாதிரியான நிறுவன உரிமங்களுக்கு மட்டும். அதாவது ஐடி துறை, ராத்திரி ஷிஃப்ட், மாற்று சர்வர் என்று எல்லாம் இருக்கிற பெரிய கம்பெனிக்கு ரீஸ்டார்ட் வேண்டாம். ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பத்தரை மணி டோக்கனுக்கு ஓடுகிறவருக்கு ரீஸ்டார்ட் உண்டு. இது எனக்கு விளங்கவே இல்லை. ஹோம் வெர்ஷனுக்கு இதைக் கொடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் இருக்கலாம், அப்படியானால் அதைத் தீர்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம். விற்பனைச் சிக்கல் என்றால், எங்களிடம் விற்க வேறு ஏதாவது யோசியுங்கள்.

வேகம் மட்டும் போதும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரம் காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க ஒரே மூச்சில் அனுப்பியது. 10:57-க்குத் தப்பு தெரிந்து மாற்றிவிட்டார்கள், 78 நிமிஷம்தான். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்து விழுந்து எழுந்து மறுபடி விழுந்துகொண்டிருந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் முழுதாக எழுந்தால்தானே திருத்திய கோப்பு உள்ளே வரும்? ஆள் போய் ஒவ்வொரு மெஷினாக, அத்தியாவசியமானதை மட்டும் ஓட்டும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பைத் தேடி அழித்தார்கள். ஹார்டு டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கு நீளமான சாவி எண் வேறு. என் தொழில்காரர்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு வலிக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் நூற்றில் ஒரு மெஷினுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. கல்யாண வீட்டில் சமையல்காரர் முதல் கரண்டியைத் தன் உள்ளங்கையில் விட்டுப் பார்க்காமல் பந்திக்கு அனுப்புவாரா? படிப்படியாக அனுப்புங்கள், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் ஓட்டை என்றால் படிகளைச் சீக்கிரம் ஏறுங்கள். அதோடு, விழுந்தால் தானாகப் பழைய நிலைக்குப் போகிற வழியையும் கட்டாயம் வையுங்கள். ஆண்ட்ராய்டில் 2016-இல் ஏழாம் வெர்ஷனிலேயே அந்த வழி வந்துவிட்டது. போனுக்குள் சிஸ்டத்துக்கு இரண்டு அறை. ஒன்றில் நீங்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புது வெர்ஷனை அடுக்கி வைத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் அறை மாறும். புது அறையில் விளக்கு எரியவில்லை என்றால் பேசாமல் பழைய அறைக்கே திரும்பிவிடும். 27 சதவீதம் என்று யாரையும் உட்கார வைக்காது.

ஆண்ட்ராய்டைப் புகழ்ந்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்கிறேன். கூகுள் 2015 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை கொடுக்க ஆரம்பித்தது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போனைக் கைப்பற்றலாம் என்ற ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டை அதற்கு முந்தின மாதம்தான் உலகத்தைக் கலக்கியிருந்தது. ஆனால் கூகுள் திருத்தம் எழுதினால் அது சிப் தயாரிப்பவரிடம் போய், அங்கிருந்து போன் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் வேலைப்பாட்டைச் சேர்த்து, சில நாடுகளில் நெட்வொர்க் கம்பெனியும் பார்த்து, அப்புறம் நம் கைக்கு வரும். பட்டா மாறுதல் மனு மேஜை மேஜையாகப் போகிற மாதிரி. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இல் சிஸ்டத்தின் சில பாகங்களைப் பிரித்து, நேராக பிளே ஸ்டோர் வழியாகவே திருத்தும் ஏற்பாடு வந்தது. நல்ல காரியம், மேஜைகளைத் தாண்டி வருகிறது. கெர்னல், சிப் டிரைவர் மாதிரியானவை மட்டும் இன்னும் பழைய வழியில்தான்.

என் கடைக்கு வரும் பத்தாயிரம் ரூபாய் போன்களில் செட்டிங்ஸைத் திறந்து பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பார்ப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். போன வாரம் ஒரு அம்மா டிஸ்ப்ளே மாற்றக் கொண்டுவந்த போனில் தேதி இரண்டரை வருஷம் பழசு. அந்தப் போனில்தான் மகளிர் குழுப் பணம் மொத்தமும் யுபிஐயில் போய் வருகிறது. "அப்டேட் வந்தா போடுங்க அக்கா" என்றேன். "வந்தாத்தானே தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. பிஸ்கட் பாக்கெட்டில்கூட எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று அச்சடித்திருக்கிறது. என் கடையில் பிரிக்கும் போன் பெட்டிகளில் விலை இருக்கிறது, உற்பத்தி மாதம் இருக்கிறது, எந்தத் தேதி வரை திருத்தம் வரும் என்று மட்டும் நான் பார்த்ததில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் கொடுத்தாக வேண்டும். அங்கே விற்கிற அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவசத் திருத்தம் நின்றபோதும் இதே கூத்து. இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு வேண்டுமானால் 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்டின் 1,000 பரிசுப் புள்ளி, அல்லது செட்டிங்ஸை அவர்கள் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் சத்தம் போட்டதும் அங்கே மட்டும் இந்த நிபந்தனைகள் இல்லாமல் இலவசமானது. ஓட்டை ஒன்று, திருத்தம் ஒன்று, இலவசம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. என்னிடம் வருகிறவர்களில் பலருடைய மெஷின் விண்டோஸ் 11-க்கு ஒத்துவராது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், டேட்டா. உங்கள் அலுவலகத்தில் இணையம் தண்ணீர் மாதிரி. இங்கே டியூஷன் சென்டரில் லேப்டாப் ஓடுவது சாரின் போன் ஹாட்ஸ்பாட்டில், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலையில் எதற்கென்று தெரியாமல் ஒரு ஜிபி இறங்கினால், மத்தியானம் பிள்ளைகளுக்கு வீடியோ கிடையாது. அந்த சார் அப்டேட்டை முடக்கச் சொன்னதற்கு அதுதான் காரணம். எண்பது எம்பி என்றால் அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணனின் கடை மூடியிருக்கும் நேரம் பார்த்துப் போய், முடக்கிய அப்டேட்டை மறுபடி போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். அவரிடம் பேசிவிட்டேன். முதலில் முறைத்தார். "ஆதார் நகல் எல்லாம் உள்ள இருக்குண்ணே" என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி தம்பி, போட்டுக்கோ. ஆனா பத்திரம் அடிக்கிற நேரத்துல அந்த வட்டம் சுத்தாதுன்னு நீ எனக்கு எழுதிக் கொடு" என்றார். எதையும் எழுத்தில் வாங்கிப் பழகிய மனுஷர்.

என்னால் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்